மூச்சைக் கேட்கிறவள்

கிளாட்வின் குறட்டை விடுகிறவன். அதனால் அவனைப் பற்றி ஜூலிக்குக் கவலை இல்லை. அவன் உயிரோடு இருப்பது தெருமுனை வரைக்கும் கேட்கும். பயமெல்லாம் மகள் மெரின் மேல்தான். ஏழு வயதுப் பிள்ளை, தூங்கினால் சத்தமே இருக்காது. மூக்குக்கு நேரே உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். வயிறு ஏறி இறங்குகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். அதிலும் நம்பிக்கை வராவிட்டால் ஆக்சிஜன் பார்க்கும் சின்னக் கருவியை எடுத்து விரலில் மாட்ட வேண்டும். கொரோனா இரண்டாவது அலை தொடங்கி ஒரு மாதத்துக்குள் ஜூலி இதை ஒரு நாளில் பத்துப் பதினைந்து முறை செய்கிறவளாகிவிட்டாள்.

மே மாதத்து ஒரு திங்கட்கிழமை காலை, அவள் டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, கிளாட்வின் சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினான்.

“அவ தூங்கறான்னு நெனச்சிகினு இருக்கியா?” என்றான்.

“பின்ன?”

“நடிக்கறாடி. நீ ரூமுக்குள்ள வர்ற சத்தம் கேட்டா கண்ண மூடிகினு புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விடறா. நீ கேக்கணும்னு. சத்தமா விட்டா அம்மா எழுப்பாதுப்பா, எழுப்பினா அம்மா கை நடுங்குதுப்பான்னு எங்கிட்ட சொல்றா.”

ஜூலி டிபன் பாக்ஸை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை. மறுபடி திறந்து மூடினாள்.

“நான் இன்னா, அவள கொல்லவா பாக்கறேன்?”

“அது எனக்குத் தெரியாது. இன்னொரு தபா அந்த மெஷின அவ விரல்ல மாட்டினன்னா, நோணாங்குப்பத்துல எங்கக்கா வீட்டுல கொண்டுபோய் விட்ருவேன். சீக்கு ஓயற வரைக்கும் நீ அவள போன்லதான் பாக்கணும். சொல்லிட்டேன்.”

கிளாட்வின் அதிகம் பேசுகிறவன் இல்லை. தட்டாஞ்சாவடியில் லேத் பட்டறை வேலை. ஊரடங்கில் பட்டறையை மூடிவிட்டார்கள், ஒரு மாதமாகப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தான். சொன்னால் செய்துவிடுவான். ஜூலிக்குத் தெரியும். மாதா மேல் சத்தியம் பண்ணினாள். கருவியைத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

அவள் வேலை காவல் கட்டுப்பாட்டு அறையில். அவசரத்துக்குப் போலீஸைக் கூப்பிடுகிறவர்களின் அழைப்பை எடுக்கிற வேலை. அங்கே உட்காருகிறவர்கள் யாரையும் நேரில் பார்ப்பதில்லை. ரத்தம் இல்லை, பிணம் இல்லை. வெயிலில் தடுப்புக் கட்டை போட்டு நிற்கிற காவலர்களுக்கு இவர்கள்மேல் எரிச்சல் உண்டு. ‘ஏசி ரூம் டூட்டி’ என்பார்கள். நோய் வருவதற்கு முன்னால் அது உண்மையாகவே சுகமான டூட்டிதான். சனி, ஞாயிறில் குடித்துவிட்டு அடித்துக்கொள்கிறவர்கள், பீச்சில் போனைத் தொலைத்த பெங்களூர்க்காரர்கள், பக்கத்து வீட்டு நாய்.

இப்போது எல்லாம் மூச்சு. ஆம்புலன்ஸுக்குப் போட்டுக் கிடைக்காதவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போட்டு யாரும் எடுக்காதவர்கள், கடைசியில் போலீஸுக்குப் போட்டார்கள். போலீஸ் எடுக்கும் என்று ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. போலீஸும் எடுத்தது. எடுத்து, மேஜையில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துக் கேள்வி கேட்டது. வயது என்ன, காய்ச்சல் எத்தனை நாள், விரலில் வைத்தால் எவ்வளவு காட்டுகிறது, உதடோ நகமோ நீலமாக இருக்கிறதா. இரண்டு வாரத்தில் ஜூலிக்குத் தாளே தேவைப்படவில்லை.

ஏப்ரல் கடைசியில் ஒரு அழைப்பு. தட்டாஞ்சாவடியில் மூடிக்கிடந்த ஒரு கம்பெனியின் வாட்ச்மேன். பெயர் கோவிந்தசாமி என்றார். இடத்தைச் சொன்னார். அதற்குமேல் பேச மூச்சு இல்லை. ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள். ஒரு அழைப்பில் மூன்று நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. ஜூலி வைக்கவில்லை.

“பேசாதீங்க ஐயா. மூச்சு மட்டும் விடுங்க. நான் கேட்டுகினே இருக்கேன்” என்றாள்.

அவர் சொன்னபடி கேட்டார். ஜூலி காதுக்கருவியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டாள். முப்பது நிமிடத்துக்கு மேல். இழுப்பு, இடைவெளி, இழுப்பு. இடைவெளி நீண்டது. பிறகு இழுப்பு வரவில்லை. போன் கீழே விழுந்திருக்கும் என்று நினைத்தாள். பின்னணியில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் வந்தது. அதையும் பத்து நிமிடம் கேட்டாள். அப்புறம் யாரோ போனை எடுத்து, “அலோ, யாரு? நீங்க இவருக்கு இன்னா வேணும்?” என்றார்கள்.

ஜூலி போனை வைத்தாள். பக்கத்து நாற்காலி ஏட்டு தணிகாசலம் ஒரு டீயை அவள் பக்கம் தள்ளினார். அடுத்த அழைப்பு வந்துவிட்டது. அன்றைக்கு மட்டும் அறுபத்திரண்டு அழைப்புகள் எடுத்தாள். வீட்டுக்குப் போய் மெரினின் மூக்கருகே முதல்முறையாகக் கையை வைத்ததும் அன்றைக்குத்தான்.

சத்தியத்தை ஐந்து நாள் காப்பாற்றினாள். அது சும்மா வரவில்லை. மெரின் படுத்திருக்கும் அறை வாசலைத் தாண்டும்போது கைகளை அக்குளில் செருகிக்கொண்டு நடந்தாள். டூட்டியில் சோற்றைத் திறந்தால் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவரின் மூச்சு கேட்டது. சர்ச் மணி கேட்டால் அடுத்த மணி வருமா என்று நின்றாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு பெண் கூப்பிட்டாள்.

“போலீசுங்களா? எங்க ஊட்டுக்காரருக்கு மூச்சு வாங்குதுங்க.”

“பேரு, வயசு சொல்லுங்கம்மா.”

“எம்பேரு அஞ்சலாட்சி. அவரு இராமதாஸு. அம்பத்திமூணு. குருசுக்குப்பத்துல இருக்கோம்.”

“விரல்ல வச்சிப் பாத்தீங்களா?”

“பக்கத்து ஊட்ல வாங்கி வச்சோம். எம்பத்தாறு காட்டுது.”

“எந்த விரலு? ஓட்டு மை இருக்கற விரலா?”

அந்தப் பக்கம் கொஞ்சம் யோசித்தது. போன மாதம்தான் சட்டசபைத் தேர்தல் முடிந்திருந்தது. “ஆமாங்க. அந்த விரல்தான்.”

“அது வேணாம். நகத்துல மை, மருதாணி, பாலிஷ் எது இருந்தாலும் தப்பாக் காட்டும். வலது கையில வைங்க. கை சில்லுன்னு இருந்தா நல்லாத் தேச்சிச் சூடு பண்ணிட்டு வைங்க.”

அஞ்சலாட்சி விரல் விரலாக மாற்றி வைத்தாள். எண்பத்தைந்து. எண்பத்தாறு. எண்பத்தைந்து.

“நகம் நீலமா இருக்கா?”

“தெரியலீங்களே. அவரு நல்லாக் கறுப்புங்க.”

“ஆம்புலன்ஸ் வர ரெண்டு மணி நேரம் ஆவும்மா. காத்துகினு இருக்காதீங்க. ஆட்டோ கெடச்சா ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. அது வரைக்கும் குப்புறப் படுக்க வைங்க.”

“நீங்க பேசறது தெம்பா இருக்குதுங்க” என்று சொல்லிவிட்டு அவள் வைத்தாள்.

தணிகாசலம் திரும்பினார். “டாக்டரம்மா, எனக்கும் ஒரு வாரமா இடுப்பு புடிச்சிகினு இருக்கு. எந்த விரல்ல வைக்கலாம்?”

“வாயில வைங்க ஏட்டையா” என்றாள் ஜூலி. அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். அடுத்த அழைப்பின் விளக்கு எரிந்தது.

இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து நெல்லித்தோப்புக்கு வந்தாள். பின்வாசல் வழியாகத்தான் நுழைவாள். சீருடையைக் கழற்றி டெட்டால் வாளியில் அமுக்கி, அங்கேயே குழாயடியில் தலைக்குக் குளித்து, நைட்டியை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். மேலே மாடியில் கிளாட்வின் தண்ணீர்த் தொட்டியைக் கழுவுகிற சத்தம் கேட்டது. முற்றத்தில் பெரிய பிளாஸ்டிக் டப் நிறையத் தண்ணீர், மிதக்கிற சொம்பு. மெரின் காலையெல்லாம் அதில் ஆடியிருக்கிறாள்.

அறையில் திரை போட்டிருந்தது. மெரின் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது. அந்தச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை.

வாசலோடு போய்விடலாம் என்றுதான் ஜூலி நினைத்தாள். தொங்கிய கையை மட்டும் எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டுப் போகலாம் என்று உள்ளே போனாள். கையைத் தொட்டாள். ஐஸ் மாதிரி இருந்தது. அரையிருட்டில் விரல்நகங்களைப் பார்த்தாள். நீலமாக இருந்தன. அஞ்சு விரலும்.

கைப்பையை எப்போது திறந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. கருவி விரலில் இருந்தது. முதலில் கோடு மட்டும் காட்டியது. பிறகு எண்பத்து நாலு. அடுத்த விரல். எண்பத்து மூணு. அடுத்த கை. எண்பத்து நாலு. இந்த எண்களுக்கெல்லாம் அப்புறம் என்ன ஆனது என்று அவளுக்குத் தெரியும். ஒரு மாதமாக அவற்றை எழுதிக்கொண்டவள் அவள்தான்.

“மெரின். மெரினு. ஏய்!”

பிள்ளை கண் திறக்கவில்லை.

ஜூலி அவளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். செருப்பு இல்லை, முகக்கவசம் இல்லை, தலையில் ஈரம் சொட்டியது. மாடியிலிருந்து கிளாட்வின் கத்தியது காதில் விழுந்தது. நிற்கவில்லை. முனையில் ரோந்து ஜீப் நின்றது. ஓட்டுநர் காவலர் செல்வகுமாருக்கு நைட்டியோடு ஓடி வருவது யாரென்று முதலில் புரியவில்லை.

“எடுறா வண்டிய! எம்பத்து நாலுடா!”

அந்த மாதத்தில் அந்த எண்ணுக்கு விளக்கம் தேவை இல்லை. அவன் சைரனைப் போட்டான். ஜீப் குலுங்கியதில் மெரின் விழித்து அழத் தொடங்கினாள். “எனக்கு ஒன்னும் இல்லம்மா, எறக்கி விடும்மா” என்று சொன்னாள். ஜூலிக்குச் சொற்கள் கேட்கவில்லை. பிள்ளை சொற்களுக்கு நடுவில் காற்றை இழுக்கிற இழுப்பு மட்டும் கேட்டது. இழுப்பு, இடைவெளி, இழுப்பு.

ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்களும் ஆட்டோக்களும் தெருவை அடைத்து நின்றன. ஒவ்வொன்றிலும் யாராவது படுத்திருந்தார்கள், யாராவது விசிறிக்கொண்டிருந்தார்கள். சைரனைக் கேட்டு வழிவிட்டார்கள். ஜூலி குதித்தாள். ஷாமியானா பந்தலின் கீழே முழுக் கவசம் போட்ட ஒரு ஊழியர், ஆக்சிஜன் உருளையை வைத்த தள்ளுவண்டியை ஒரு ஆட்டோவை நோக்கித் தள்ளிக்கொண்டு போனார். அவள் குறுக்கே போய் வண்டியைப் பிடித்தாள்.

“போலீஸ்! கொழந்தைக்கு எம்பத்து நாலு! கொழந்தைக்கு!”

ஊழியர் ஆட்டோவைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். வண்டியைத் திருப்பினார். பந்தலுக்கு உள்ளே, இருமிக்கொண்டிருந்த இரண்டு பேருக்கு நடுவே ஒரு பெஞ்சில் மெரினைக் கிடத்தினார்கள். முகத்தில் ஆக்சிஜன் மூடியை அழுத்தினார்கள். அவள் கையைக் காலை உதைத்துக்கொண்டு கதறினாள். இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். கருவி எண்பத்து நாலுதான் காட்டியது. ஆக்சிஜனைக் கூட்டினார்கள். எண்பத்து நாலு. அசையவே இல்லை.

ஒரு நர்ஸ் வந்தாள். பிள்ளையின் கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். கையுறை போட்ட விரலால் ஒரு நகத்தைச் சுரண்டினாள். நீலம் செதிலாகப் பெயர்ந்து வந்தது.

“மேடம், இது பாலிஷு” என்றாள்.

நர்ஸ் கருவியைக் கழற்றி மெரினின் கால் கட்டைவிரலில் மாட்டினாள். தொண்ணூற்று ஒன்பது.

“யாரு பாப்பா போட்டு விட்டது?”

“அப்பா” என்றாள் மெரின், மூடிக்குள்ளிருந்து.

ஊழியர் மூடியை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு வண்டியை மறுபடி ஆட்டோவுக்குத் தள்ளினார். ஆறு நிமிடம் ஆகியிருந்தது. நர்ஸ்தான் மணியைப் பார்த்துச் சொன்னாள். குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை, நேரத்தை எழுத வேண்டியிருந்தது, அதனால் சொன்னாள்.

ஜூலி மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். வழி அந்த ஆட்டோவை ஒட்டித்தான். பின் சீட்டில் ஒரு ஆள் சரிந்து கிடந்தார். வாய் திறந்திருந்தது. மூடியைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் காலைப் பிடித்தபடி தரையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

“மன்னிச்சிருங்கம்மா. கொழந்தைன்னு பயந்துட்டேன்” என்றாள் ஜூலி. சொல்லாமல் போயிருக்கலாம்.

அந்தப் பெண் நிமிர்ந்தாள். குரலை வைத்து ஆளைத் தேடுகிறவள் போல அவள் முகத்தை ஒரு நொடி பார்த்தாள்.

“நீங்கதான காலைல போன்ல பேசினீங்க?”

ஜூலி மெரினை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

“மை இருக்கற விரலு வேணாம்னு சொன்னீங்களே. பாலிஷ் இருந்தா தப்பாக் காட்டும்னு சொன்னீங்களே. நாங்க மாத்தி மாத்தி வச்சிப் பாத்துட்டுத்தானம்மா வந்தோம்.”

கத்தவில்லை. கத்தியிருந்தால் ஜூலி தாங்கியிருப்பாள். கேள்வி கேட்டாள், அவ்வளவுதான். பதில் வரும் என்று காத்துக்கூட இருந்தாள். அதற்குள் ஆட்டோவிலிருந்த ஆளை ஸ்ட்ரெச்சருக்கு மாற்றினார்கள். அவள் எழுந்து அதன் பின்னால் ஓடினாள்.

பந்தலை ஒட்டி ஒரு இளம் டாக்டர் நின்றார். தூங்கி எத்தனை நாளானதோ, கண் செக்கச்செவேலென்று இருந்தது. ஜூலியின் வெறும் முகத்தையும் பிள்ளையின் வெறும் முகத்தையும் பார்த்தார்.

“நீங்க போலீஸ்தான? இந்த எடம் இன்னா எடம்னு தெரியாதா? உள்ள படுத்திருக்கற எல்லாரும் பாசிட்டிவ். இவ்ளோ நேரம் மாஸ்க் இல்லாம கொழந்தைய அவங்க நடுவுல கெடத்தி இருக்கீங்க.”

“சார்…”

“நல்லா இருந்த புள்ள. இனிமே நல்லா இருக்குமான்னு எனக்குத் தெரியாது. ரெண்டு பேரும் ஏழு நாள் ஒரு ரூமைவிட்டு வெளிய வரக் கூடாது. காய்ச்சல் வந்தா டெஸ்ட் எடுங்க.” சீட்டில் எழுதினார். “ஆக்சிஜன் தெனம் மூணு வேள பாத்து எழுதி வைங்க. மறக்காம.”

கிளாட்வின் பைக்கில் வந்து தெருவுக்கு அந்தப் பக்கம் நின்றான். செல்வகுமார் போனில் எல்லாம் சொல்லியிருக்க வேண்டும். கிட்டே வரப்போனவனைச் செல்வகுமார் கையைக் காட்டி நிறுத்தினான். சீட்டில் இருந்ததைச் சத்தம் போட்டுப் படித்தான். கிளாட்வின் கேட்டுக்கொண்டான்.

“அக்கா வீட்டுக்கு…” என்று தொடங்கி நிறுத்தினான். அக்கா வீட்டில் கைக்குழந்தை இருந்தது. மெரினை இனி எங்கேயும் அனுப்ப முடியாது. அவளோடு இருக்கக்கூடிய ஒரே ஆள் ஜூலிதான். அவன் ஜூலியைத் திட்டவில்லை. பைக்கைத் திருப்பும்போது கால் தவறி ஒருமுறை சாய்ந்து நிமிர்ந்தான்.

நாலரை மணிக்கு வீட்டின் பின்னறைக் கதவு சாத்தப்பட்டது. கொல்லைப்பக்கக் கதவு திறந்தால் கக்கூஸும் குழாயும். கூடத்தைப் பார்த்த ஜன்னலில் சாப்பாட்டுத் தட்டு வைக்க ஒரு ஸ்டூல். மெரின் கட்டிலின் ஒரு மூலையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். ஜூலி எதிர்ச்சுவரோடு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“நான் முழிச்சிகினுதாம்மா இருந்தேன்” என்றாள் மெரின். “நீ மெஷின் வச்சப்ப.”

“அப்ப ஏன்டி கண்ணத் தொறக்கல?”

“தொறந்தா நீ பேசுவ, அப்பாவுக்குக் கேட்டுடும். என்னை அத்தை வீட்டுக்கு அனுப்பிடும்.”

ஜூலி டாக்டரின் சீட்டை எடுத்து மடித்தாள்.

“அந்த ஆட்டோல இருந்தவரு செத்துட்டாராம்மா?”

“தெரியாது.”

“உனக்குத்தான் போன் நம்பர் தெரியுமே.”

தணிகாசலம் ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் கூப்பிட்டிருந்தார். உடம்பைப் பார்த்துக்க என்றார், லீவு எழுதிக்கொடுத்துவிட்டேன் என்றார். இராமதாஸ், ஐம்பத்து மூன்று, குருசுக்குப்பம் என்று சொன்னால் ஐந்து நிமிடத்தில் விசாரித்துச் சொல்லியிருப்பார். ஜூலி கேட்கவில்லை. போனை அணைத்துத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள்.

அறையில் மின்விசிறியை நிறுத்தியிருந்தாள். இப்போது பிள்ளையின் மூச்சு நன்றாகக் கேட்டது. அழுது ஓய்ந்த மூச்சு. மூக்கில் லேசான அடைப்பு. அது அழுததால் வந்த அடைப்புதானா? மெரின் தொண்டையைச் செருமினாள். காலையில் செருமினாளா? முன்பு பயந்ததற்கு ஆதாரம் இல்லை. இதற்கு இருந்தது. பந்தலில் இரண்டு பக்கமும் இருமிய இரண்டு பேரின் முகம்கூட அவளுக்கு நினைவிருந்தது. அவர்கள் நடுவே மகளை அவள்தான் கொண்டுபோய் வைத்தாள்.

ஆறு மணிக்கு ஜன்னலில் கிளாட்வின் வந்து நின்றான். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. கையில் ஒரு நோட்டும் பேனாவும்.

“டாக்டர் சொன்ன டைம்” என்றான்.

ஜூலி கருவியை எடுத்தாள். பிடிக்க முடியவில்லை. இரண்டு முறை தரையில் விழுந்தது. மெரின் கட்டிலிலிருந்து இறங்கி வந்து அதைப் பொறுக்கிக்கொண்டாள். நகத்தில் நீலம் அப்படியே இருந்தது. அழிக்கிற மருந்து வாங்கக் கடை இல்லை. ஸ்டூலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காலை நீட்டி, கட்டைவிரலில் தானே மாட்டிக்கொண்டாள். எண் தெரிகிற பக்கத்தை ஜன்னலை நோக்கித் திருப்பினாள்.

“அப்பா, நீ படி.”

கிளாட்வின் குனிந்து பார்த்தான்.

“தொண்ணூத்தெட்டு” என்றான். எண் தெரியும் முன்பே சொன்ன மாதிரி இருந்தது. சொல்லிவிட்டு நோட்டில் எழுதினான்.

“என் பக்கம் திருப்பு” என்று கேட்க ஜூலி வாயைத் திறந்தாள். கிளாட்வின் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் வாயை மூடிக்கொண்டாள். மெரின் கருவியைக் கழற்றினாள். வெளிச்சம் அணைந்தது. அதைத் தன் பாவாடையில் துடைத்து, கட்டிலில் தன் தலைமாட்டில், அம்மாவுக்கு எட்டாத பக்கம் வைத்தாள். பிறகு ஏழு நாளுக்கு மூணு வேளை என்று விரல்விட்டு எண்ணினாள்.

“இன்னும் இருபது தபா இருக்கும்மா” என்றாள்.